பிரார்த்தனையை விரித்துக் காட்டும் கடைகள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் விராலிமலை இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் இச்சிற்றூரை வெளியுலகம் அறிந்திருப்பது குன்றின் மேலுள்ள முருகன் கோயிலாலும் அதைச் சூழ்ந்த மயில்களாலுமே ஆகும். சுற்றுவட்டாரத்து விவசாயிகளோ அதன் ஆட்டுச் சந்தையாலும் அறிவார்கள். நெடுஞ்சாலை நான்குவழிச் சாலையாக அகன்ற பின்னர் திருச்சியின் பெரிய ஜவுளிக் கடைகள் இவ்வூர் மக்களுக்கு அரைமணி நேரத் தொலைவுக்கு வந்துவிட்டன. கடைகள் நகரவில்லை, அவற்றின் பதாகைகள் நகர்ந்து வந்தன.

ரமலானின் கடைசிப் பத்து நாட்களில் இச்சாலை வழியே பயணம் செய்தபோது அத்தகைய பதாகையொன்றை நாம் கண்டோம். பிறையும் குவிமாடமும் வரையப்பட்டிருந்தன. வெண்தொப்பி அணிந்த சிறுவனொருவன் இரு கரங்களையும் ஏந்தி நின்றான். அவன் தலைக்கு மேல், இறைவன் உங்கள் நோன்பை ஏற்றுக்கொள்வானாக என்னும் கருத்தில் ஒரு பிரார்த்தனை. ஏந்திய கரங்களுக்கு நேர் கீழே, பிரார்த்தனையைவிட மூன்று மடங்கு பெரிய எழுத்தில், தள்ளுபடி விழுக்காடு. சிறுவன் கேட்டதும் அவனுக்குக் கிடைத்ததும் அதுதான் என்பதுபோல் அப்படம் அமைந்திருந்தது. வரைந்தவர் இதை எண்ணிச் செய்திருக்க மாட்டார். ஆயினும் விளம்பரங்கள் பல நேரங்களில் தம்மை ஆக்கியவரைவிட உண்மை பேசிவிடுகின்றன.

இதை நாம் எடுத்த எடுப்பில் கண்டிக்க முற்படவில்லை. மாற்றுச் சமயத்தார் நடத்தும் ஒரு பெருங்கடை நம் பெருநாளுக்கு வாழ்த்துக் கூறுவது நல்லதொரு பண்பே. 2022ஆம் ஆண்டில் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் பல கோயில் திருவிழாக்களில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடக்கூடாது எனத் தடுக்கப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. அச்சூழலோடு ஒப்பிட, பொங்கல் பானையும் தீபச் சுடரும் நின்ற அதே கம்பத்தில் நம் பிறையும் ஏறி நிற்பது தமிழகத்தின் பேறு என்றே கொள்ளலாம். நம் வினா வேறு. அந்த வாக்கியத்தில் பிரார்த்தனை என்ன வேலை செய்கிறது? அதை நீக்கிவிட்டால் சேலையின் விலையோ தரமோ மாறப்போவதில்லை. பின் எதற்காக அது அங்கே இருக்கிறது?

இவ்வினாவை நமக்கு முன்பே ஒருவர் எழுப்பியிருக்கிறார். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் பொருளீட்டுதலின் ஒழுக்கங்களுக்கென ஒரு தனிப் பகுதியை ஒதுக்கியுள்ளார்கள். சரக்கைப் புகழ்வது பற்றி அங்கே அவர்கள் செய்யும் பகுப்பாய்வு, இக்கால விளம்பரக் கலை பற்றிய நூல்களில் நாம் காணாத கூர்மை உடையது. சரக்கில் இல்லாத சிறப்பை விற்பவன் கூறினால் அது பொய். வாங்குபவன் அதை நம்பினால் பொய்யோடு அநீதியும் சேர்கிறது. இருக்கும் சிறப்பையே கூறினும், வாங்குபவன் அதைத் தானே கண்டறியக் கூடுமாயின் அப்பேச்சு வீண்பேச்சு. சொல்லொவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்கப்படும். வாங்குபவன் தானாக அறியமுடியாத சிறப்பை, மிகையின்றி, அவன் அறியும் பொருட்டுக் கூறுவது மட்டுமே ஆகும். இவ்வளவுகோலைக் கொண்டு ஒரு நாளிதழின் பெருநாள் இணைப்பை அளந்து பார்ப்பின், அச்சிட வேண்டிய பக்கங்கள் எத்தனை மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அதே பகுதியில் இமாமவர்கள் பஸராவின் பட்டு வணிகரான யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களைப் பற்றிய செய்தியொன்றைக் குறிப்பிடுகிறார்கள். வாடிக்கையாளர் ஒருவர் துணி கேட்டார். பணியாள் மூட்டையை எடுத்துத் துணியை விரித்துக் காட்டினான். அதைப் பார்த்தவாறே, இறைவா, எங்களுக்குச் சுவனத்தை வழங்குவாயாக என்னும் பொருளில் வேண்டினான். யூனுஸ் அவர்கள் உடனே அத்துணியை இருந்த இடத்தில் வைக்கும்படி கட்டளையிட்டார்கள், அதை விற்கவேயில்லை. அந்தப் பிரார்த்தனை சரக்கை மறைமுகமாகப் புகழ்ந்ததாகிவிடுமோ என்று அவர்கள் அஞ்சினார்கள்.

பணியாள் பொய்யேதும் கூறவில்லை. துணியைப் பற்றி ஒரு சொல்கூட அவன் உதிர்க்கவில்லை. இறைவனிடம் கேட்கத்தக்க ஒன்றையே கேட்டான். குற்றம் சொல்லில் இல்லை, அது சொல்லப்பட்ட இடத்தில் இருந்தது. பட்டு விரிந்த அதே கணத்தில் சுவனம் என்ற சொல் ஒலித்தமையால், கேட்பவன் மனத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு சொல்லையும் ஒரு பொருளையும் அருகருகே நிறுத்தி, இரண்டுக்கும் உறவு கற்பிக்கும் வேலையை வாங்குபவனின் மனத்துக்கே விட்டுவிடுவதுதான் இன்றைய விளம்பரக் கலையின் அடிப்படை. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் பஸரா வணிகர் அதை இனங்கண்டு, தம் இலாபத்தை இழந்து, அதை மறுத்தார். விராலிமலைப் பதாகையின் முன் நின்றபோது அப்பணியாளே நம் நினைவுக்கு வந்தான். இன்று அவனுக்கு நல்ல ஊதியத்தில் வேலை கிடைத்திருக்கும்.

நம் பெருநாட்கள் வணிகரின் நாட்காட்டிக்குள் எளிதில் அடங்குபவை அல்ல என்பதையும் இங்கு நோக்க வேண்டும். தீபாவளியும் பொங்கலும் ஆண்டுதோறும் அதே பருவத்தில் வருகின்றன. பிறைக் கணக்கில் வரும் நம் பெருநாட்களோ ஆண்டுக்கு 10 அல்லது 11 நாட்கள் பின்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன. 2004, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்தன. திருச்சி, மதுரை போன்ற நகரங்களின் கடைவீதிகளில் இரு சமூகங்களும் ஒரே நெரிசலில் துணியெடுத்த காலம் அது. ஒரே பதாகையில் ஒரு மூலையில் விளக்கும் மறு மூலையில் பிறையும் அச்சிடப்பட்டதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். நல்லிணக்கத்தின் படம் என்று அன்று நாம் மகிழ்ந்தோம், அம்மகிழ்ச்சி பொய்யுமன்று. ஆயினும் ரமலான் ஐப்பசியை விட்டு நகர்ந்த பின்னும் அது கற்றுக்கொண்ட பழக்கங்கள் தங்கிவிட்டன. பெருநாளுக்கு முந்திய 10 நாட்கள் 'சீசன்' ஆயின. அந்தப் பத்தில்தான் ஆயிரம் மாதங்களினும் சிறந்த ஓர் இரவைத் தேடுமாறு நாம் பணிக்கப்பட்டிருக்கிறோம். தராவீஹின் பின்வரிசைகள் எந்நாட்களில் மெலிகின்றன என்பதை எந்தப் பள்ளிவாசலின் இமாமும் கூறுவார்.

பெயர் மாற்றத்தின் வழியாகவும் இக்கலப்பு நிகழ்கிறது. அமெரிக்காவில் நன்றி நவிலும் திருநாளுக்கு மறுநாளைக் 'கறுப்பு வெள்ளி' என்றழைத்துப் பெருந்தள்ளுபடி விற்பனை செய்வர். 2014ஆம் ஆண்டில் துபையைத் தலைமையிடமாகக் கொண்ட 'சூக்' என்னும் இணைய வணிக நிறுவனம் அதை அரபுலகுக்குக் கொண்டுவந்தபோது, வெள்ளிக்கிழமை முஸ்லிம்களுக்குப் புனித நாளாகையால் கறுப்பு என்ற அடைமொழி பொருந்தாது எனக் கருதி 'வெள்ளை வெள்ளி' எனப் பெயர் சூட்டியது. 2017இல் அந்நிறுவனத்தை அமேசான் வாங்கிய பின்னரும் அப்பெயர் தொடர்ந்தது. வளைகுடாவில் உழைக்கும் நம் மாவட்டத்து இளைஞர்கள் ஊருக்கு வாங்கிவரும் பொருட்களில் அந்த நாளில் வாங்கியவையும் உண்டு. ஜுமுஆவின் கண்ணியத்துக்கு ஊறு நேரக்கூடாது என நிறுவனம் அக்கறை காட்டியது உண்மையே. நிறத்தை மாற்றியதோடு அவ்வக்கறை முடிந்தது.

ஜுமுஆ அத்தியாயத்தின் இறுதி வசனங்கள் எச்சூழலில் அருளப்பெற்றன என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் உரையாற்றிக்கொண்டிருக்க, வணிகக் கூட்டமொன்று மதீனாவுக்குள் வந்தது. மக்கள் எழுந்து அதை நோக்கி விரைந்தனர். 12 பேரே எஞ்சினர் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் அறிவிப்பு கூறுகிறது. பஞ்ச காலம் அது என விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். ஆகவே எழுந்து சென்றவர்களைப் பேராசைக்காரர் என்று நாம் எளிதில் இகழ்ந்துவிட முடியாது. அதற்கு முந்திய வசனமோ தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறு ஏவுகிறது. இவ்வத்தியாயம் வணிகத்தை வெறுக்கவில்லை. எது எதற்குக் காத்திருக்க வேண்டும் என்னும் வரிசையை நிறுவுகிறது. 'வெள்ளை வெள்ளி' அவ்வரிசையைத் தலைகீழாக்கி, ஜுமுஆவையே விற்பனையின் பெயர்ப் பலகையாக்கிவிட்டது.

இனி ஆட்டுச் சந்தைக்கு வருவோம். தீபாவளிக்கு முந்திய வாரத்திலும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரத்திலும் தமிழக நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் தவறாது வரும் ஒரு செய்தி வகை உண்டு. விராலிமலை, மணப்பாறை, சமயபுரம், செஞ்சி என ஊர்ப் பெயர் மட்டும் மாறும். பண்டிகையை முன்னிட்டு ஆடுகள் விற்பனை 'களைகட்டியது'; இத்தனை கோடி ரூபாய்க்கு விற்பனை ஆனது; வியாபாரிகள் மகிழ்ச்சி. பெரிய கொம்புடைய கிடா ஒன்றின் படமும் அதன் விலையும் பெட்டிச் செய்தியாக இடம்பெறும். ஓர் இலக்கிய வகையைப் பயில்வதுபோல் இச்செய்திகளை நாம் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். அவற்றில் இறைவன் இல்லை. அது செய்தியாளர் குற்றமன்று. ஏழையும் இல்லை என்பதே நம் வருத்தம். பங்கிடப்பட்ட இறைச்சி எத்தனை வீடுகளைச் சேர்ந்தது, ஆண்டில் அன்றொரு நாளே இறைச்சி சமைக்கும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் எத்தனை என்பவற்றை எவரும் எழுதுவதில்லை. கோடி என்னும் சொல் வந்தவுடன் வாக்கியம் நிறைவடைந்துவிடுகிறது.

இதற்கு நாமும் பொறுப்பாளிகளே. பிறையின் வடிவில் புள்ளியுடைய கிடாவுக்கு இலட்சக்கணக்கில் விலை கேட்கப்படுவதும், வாங்கியவர் அதற்கு மாலையிட்டுக் கைப்பேசியில் படமெடுத்து உற்றார் உறவினருக்கு அனுப்புவதும் பத்திரிகையாளர் உண்டாக்கிய வழக்கங்கள் அல்ல. முன்னாட்களில் மாட்டுச் சந்தைத் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரல்களைத் தொட்டு விலை பேசுவார்கள். அருகில் நிற்பவருக்கும் விலை தெரியாது. மறைவான பேரத்தில் ஏமாற்றுக்கு வழியுண்டு என்பது உண்மைதான். ஆனாலும் ஒருவர் எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்பது ஊரறியும் செய்தியாகாமல் அந்தத் துண்டு காத்தது.

நல்ல பிராணியைத் தேர்வது மார்க்கம் விரும்புவதுதானே என்ற மறுப்பை நாம் எதிர்பார்க்கிறோம். அது சரியான மறுப்பு. இறைச் சின்னங்களைக் கண்ணியப்படுத்துதல் என்பதற்குப் பிராணியைக் கொழுக்க வளர்ப்பதை முற்கால விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டாகக் கூறியுள்ளனர். குருடு, நொண்டி, நோய், மெலிவு ஆகியவை வெளிப்படையாகத் தெரியும் பிராணிகளை விலக்குமாறு நபிமொழியும் உண்டு. எனினும் திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் இடம்பெறும் ஓர் அறிவிப்பை இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் குர்பானி எவ்வாறிருந்தது என அபூ அய்யூபுல் அன்ஸாரி (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. ஒருவர் தமக்காகவும் தம் வீட்டாருக்காகவும் ஓர் ஆட்டை அறுப்பார், அவர்களும் உண்பர், பிறருக்கும் உண்ணக் கொடுப்பர். பின்னர் மக்கள் ஒருவரையொருவர் விஞ்சிப் பெருமையடிக்கத் தொடங்கினர், இன்று நீர் காணும் நிலை வந்தது என்பது அவர்கள் தந்த விடையின் சாரம். நபித்தோழர் ஒருவர் உயிருடன் இருந்தபோதே இப்புலம்பல் எழுந்துவிட்டது. ஆகவே இது மேற்கிலிருந்து வந்த நோய் என்றோ தாராளமயத்தின் விளைவு என்றோ கூறிக் கைகழுவ நமக்கு இடமில்லை. தாராளமயம் அதற்கு நெடுஞ்சாலை அமைத்துக் கொடுத்தது, வண்டி நம்முடையது.

அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகிய இருவரும் சில ஆண்டுகள் குர்பானி கொடுக்காமலே இருந்தனர் என்றும், மக்கள் அதைக் கட்டாயக் கடமை என எண்ணிவிடக்கூடாதென்பது அவர்கள் கருத்து என்றும் பைஹகீ பதிவு செய்துள்ள அறிவிப்பு ஷாபிஈ அறிஞர்களால் எடுத்தாளப்படுகிறது. வசதியுள்ளவர் மீது அது வாஜிப் என்பது ஹனஃபிகளின் நிலைப்பாடு. தமிழகத்தில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்கிறோம். சட்ட விவாதத்துக்குள் நாம் இங்கு புகவில்லை. கடன் வாங்கிக் குர்பானி கொடுக்கும் நிலைக்கு ஏழைகளைத் தள்ளும் ஊர்ப்பேச்சுக்கு இரு மத்ஹபுகளிலும் ஆதாரம் இல்லை என்பதை மட்டும் கூறி அப்பால் செல்கிறோம்.

பெருநாள் கடைவீதியைப் பற்றி இந்திய மொழிகளில் எழுதப்பட்டவற்றுள் பிரேம்சந்தின் 'ஈத்கா' சிறுகதைக்கு இணையானது வேறில்லை என்பது நம் எண்ணம். முஸ்லிம் அல்லாத ஒருவர் 1930களில் எழுதியது அது. பெற்றோரை இழந்த ஹாமித் என்னும் சிறுவன் மூன்றே பைசாவுடன் ஈத்காவுக்கு அருகிலுள்ள சந்தைக்குப் போகிறான். தோழர்கள் மண்பொம்மைகளும் மிட்டாய்களும் வாங்க, ரொட்டி சுடும்போது பாட்டி அமீனாவின் விரல்கள் சுட்டுப்போவதை நினைத்து அவன் ஒரு இரும்பு இடுக்கியை வாங்கி வருகிறான். பள்ளிப் பாடநூல்கள் வழியே கதை பரவி, தியாகத்தின் பாடமாகச் சுருங்கிவிட்டது. ஏழைச் சிறுவன் பொம்மையை விரும்பாதது நமக்கு எத்துணை வசதியான பாடம்! பிரேம்சந்த் அப்படி எழுதவில்லை. ஹாமித் பொம்மைகளைப் பார்த்து ஏங்குகிறான், தொட்டுப் பார்க்கவும் கை நீட்டுகிறான், தோழர்கள் கொடுப்பதில்லை. மிட்டாய் தருவதுபோல் காட்டி ஏமாற்றுகிறார்கள். வறியவனை வாட்டுவது பொருளின்மை மட்டுமன்று, பிறர் வாங்குவதைப் பார்க்க நேர்வதுமாகும் என்பதைக் கதை விடாது காட்டுகிறது.

பலரும் கவனியாத இன்னொன்றும் அதில் உண்டு. இடுக்கியுடன் திரும்பும் வழியில் தோழர்கள் எள்ளி நகையாட, ஹாமித் அதன் பெருமையை விரித்துரைக்கத் தொடங்குகிறான். தோளில் வைத்தால் துப்பாக்கி, கையில் எடுத்தால் பக்கீரின் சிமிட்டா, ஓங்கினால் எல்லாப் பொம்மைகளும் தூள். வாதத்தில் அவன் வென்று, தோழர்கள் இடுக்கியைக் கையில் வாங்கிப் பார்க்கத் தம் பொம்மைகளைக் கொடுக்கும் நிலை வருகிறது. அந்தச் சந்தையின் மிகச் சிறந்த விளம்பரக்காரன் ஹாமித்தான்! கஸ்ஸாலியின் அளவுகோலில் அவனும் தேற மாட்டான். ஆனால் அவன் விற்க வரவில்லை. அவமானத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே பேசினான். பாட்டியின் முன் அந்தப் பேச்சு எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை. அவள் விரல்கள் சுடுகின்றன என்று சொன்னால் போதுமாயிருந்தது.

இக்கட்டுரை கடை வைத்திருப்போரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதாக எவரும் கொள்ளலாகாது. நாமே வணிகச் சமூகம். மரைக்காயர்களும் ராவுத்தர்களும் லெப்பைகளும் கப்பலிலும் குதிரையிலும் சந்தையிலும் பிழைத்தவர்கள். ஒரு பெருநாள் பருவத்தில் தையற்காரர், தொப்பி விற்பவர், அத்தர்க் கடைக்காரர், பிரியாணி மாஸ்டர் எனப் பலர் வீட்டு அடுப்புகள் எரிகின்றன. இவர்களுள் தையற்காரரின் நிலைதான் மாறிவிட்டது. பெருநாளுக்கு முந்திய இரவு முழுதும் விளக்கெரியும் தையற்கடை, பொத்தான் தைக்கக் காத்திருக்கும் சிறுவர்கள் என்பன நம் தலைமுறையினரின் நினைவில் உள்ள காட்சிகள். ஆயத்த ஆடை அவ்விரவைப் பறித்துக்கொண்டது. பருவத்தின் பணம் ஊரில் சுற்றாமல் நெடுஞ்சாலை ஏறித் திருச்சிக்குப் போகிறது. பெருநாள் செலவு ஏழைக்கும் பயன் தரும் என்னும் வாதத்தின் பெரும் பகுதி அந்தச் சாலையிலேயே கரைந்துவிடுகிறது. நம் இதழ்களின் பெருநாள் மலர்களும் துணிக்கடை, நகைக்கடை விளம்பரங்களின் தயவில்தான் தடிமனாகின்றன என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

புத்தாடைக்கும் நாம் எதிரிகள் அல்லர். ஸஹீஹுல் புகாரியில் இரு பெருநாட்கள் பற்றிய பகுதி, உமர் (ரலி) அவர்கள் கடைத்தெருவில் விற்ற பட்டாடை ஒன்றை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்து, பெருநாளுக்கும் தூதுக்குழுக்களைச் சந்திக்கவும் இதை வாங்கி அணிந்துகொள்ளுங்கள் என வேண்டிய நிகழ்ச்சியோடு தொடங்குகிறது. நபியவர்கள் அதை ஏற்காமைக்குக் காரணம் அது பட்டு என்பதே. பெருநாளுக்கு அழகாக உடுத்தும் கருத்தை அவர்கள் மறுக்கவில்லை என அறிஞர்கள் விளக்குகிறார்கள். அழகுக்கு அனுமதி உண்டு. அந்த அழகுக்காக எவர் எங்கே கடன்படுகிறார் என்பதே கேட்க வேண்டியது.

விராலிமலையைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்த பின் மாதச் சம்பளம் என்பது பல குடும்பங்களுக்கு அறிமுகமாயிற்று. கூடவே மாதத் தவணையும் அறிமுகமாயிற்று. பெண்கள் ஐவராகவும் பதின்மராகவும் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று வாங்கும் குழுக் கடன் இன்று தமிழகத்துச் சிற்றூர்களில் எல்லாச் சமூகத்தாரிடமும் பரவியிருக்கிறது. தொழிலுக்கென்று வாங்கும் அக்கடன் பிள்ளைகளின் துணிமணியாகக் கரைவதை அறியாதார் இல்லை. வட்டியை மார்க்கம் எவ்வளவு கடுமையாக விலக்குகிறது என்பதை மிம்பரில் ஓயாது கேட்கும் ஒரு தாய், பெருநாளன்று மகள் பழைய உடையில் நிற்க நேரும் வெட்கத்துக்கு அஞ்சி அந்த வட்டிக்குள் இறங்குகிறாள். அவளைக் கண்டிப்பதற்கு முன், அவ்வெட்கத்தை உற்பத்தி செய்தவர்கள் யார் எனப் பார்க்க வேண்டும். முதல் வரிசையில் கடைக்காரர் இல்லை. அத்தெருவில் ஒரே பிள்ளைக்கு மூன்று சோடி எடுத்து, பெருநாளுக்கு முன்பே அண்டை வீடுகளில் விரித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஸதகத்துல் ஃபித்ரின் நோக்கங்களுள் ஒன்று அந்த நாளில் எவரும் கையேந்தும் நிலை வரக்கூடாது என்பது. பெருநாள் தொழுகைக்கு முன் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்பதை எல்லாரும் அறிவோம். ஓரிரு நாட்கள் முன்னதாகவே கொடுக்கும் வழக்கம் நபித்தோழரிடையே இருந்ததென இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியில் வருகிறது. ரமலானின் தொடக்கத்திலிருந்தே கொடுக்க ஷாபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. முன்கூட்டிக் கொடுப்பதை ஹனஃபி அறிஞர்களும் ஏற்கிறார்கள். நம் மஹல்லாக்களில் பெரும்பாலும் நடப்பதென்ன? பிறை தெரிந்த பின் பள்ளிவாசலில் அரிசியும் பணமும் குவிந்து, நள்ளிரவுக்கு மேல் வீடுகளுக்குப் போகின்றன. அந்நேரம் கடை மூடியிருக்கும், கடனும் வாங்கப்பட்டிருக்கும். அதே தொகை ரமலானின் 20ஆம் நாளில் அத்தாயின் கைக்கு வந்திருக்குமாயின் அவள் குழுக் கடனுக்குக் கையொப்பம் இட்டிருக்கத் தேவையில்லை. ஜமாஅத் நிர்வாகம் ஒரு கூட்டம் போட்டு, பட்டியலை முன்கூட்டித் தயாரித்து, வசூலை 10 நாட்கள் முன்னுக்குத் தள்ளினால் இது ஆகக்கூடிய காரியம். புதுக்கோட்டை மாவட்டத்து ஜமாஅத்துகள் சிலவற்றில் இதைப் பற்றிப் பேசிப் பார்த்தோம். பிறை தெரிவதற்கு முன் யார் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று நம்மையே திருப்பிக் கேட்டார்கள். துணி மட்டும் எல்லாரும் முன்கூட்டித்தானே எடுக்கிறோம் என்றோம்.